படகை இழுக்கும் வண்டிக்கு ஒரு பிரேக் போதுமா?

பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தில், வெள்ளிக்கிழமை மாலை நேரத்தில் கூட்டரசு சாலைகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பின்தட்டில் ஐஸ் பெட்டியும் தூண்டில் கழிகளும் ஏற்றிய பிக்-அப் வண்டி ஒன்று போய்க்கொண்டிருக்கும். அதன் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லரில் ஏறி உட்கார்ந்து ஒரு கண்ணாடியிழைப் படகும் போகும். சில படகுகள் தெமெங்கோர் ஏரிக்கு, சில கென்யிர் ஏரிக்கு, இன்னும் சில கோல ரொம்பின் கடலுக்கு. மீன்பிடிப்பில் ஆர்வமுள்ள மாமாவோ சித்தப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அந்த வண்டியின் பின்னிருக்கையில் நீங்களும் உட்கார்ந்து போயிருக்கலாம்.

அந்தப் படகின் விலை, எஞ்சினின் குதிரைத்திறன், போன தடவை கிடைத்த மீனின் எடை எல்லாவற்றையும் பற்றிப் பேச்சு நடக்கும். ஒரு கேள்வி மட்டும் அபூர்வமாகத்தான் எழும்: அந்த டிரெய்லரின் சக்கரங்களில் பிரேக் இருக்கிறதா? இருந்தால், அது வேலை செய்கிறதா?

கேட்டாலும் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: “இழுக்கிற வண்டியில் நல்ல பிரேக் இருக்கிறதே, அது போதாதா?” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுமையோடு போகும் பெரும்பாலான படகு டிரெய்லர்களுக்கு அது போதாது என்பதே என் கருத்து. ஏன் போதாது என்பதை விளக்கப் பெரிய பொறியியல் எதுவும் தேவையில்லை. படிவம் 4 இயற்பியலில் வரும் நிலைமம், விசை, உராய்வு ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.

சக்கரப் பை சொல்லும் பாடம்

சக்கரம் வைத்த பள்ளிப் பையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்திருக்கிறீர்களா? நடந்துகொண்டிருக்கும்போதே சட்டென்று நின்று பாருங்கள். நீங்கள் நின்றுவிடுவீர்கள், பை நிற்காது. உங்கள் குதிகாலில் வந்து இடிக்கும். பையில் ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் இடி தெரியாது. எல்லாப் பாடப் புத்தகங்களும் இருந்தால் நன்றாகவே வலிக்கும். சரிவான நடைபாதையில் இறங்கும்போது என்றால் உங்களையே முன்னால் தள்ளிவிடும்.

இதற்குக் காரணம் நிலைமம். ஓடிக்கொண்டிருக்கும் பொருளை ஒரு விசை தடுக்காதவரை அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். பையின் சக்கரங்கள் தாராளமாகச் சுழல்கின்றன. அதனால் பையைத் தடுக்கும் விசை தரையிலிருந்து வருவதில்லை. உங்கள் கைதான் அந்த விசையைத் தரவேண்டும். உங்கள் கைக்கு அந்த வலு உங்கள் காலணிக்கும் தரைக்கும் உள்ள உராய்விலிருந்து வரவேண்டும். ஆக, உங்கள் இரண்டு கால்கள் உங்களையும் நிறுத்தவேண்டும், பையையும் நிறுத்தவேண்டும்.

பிரேக் இல்லாத படகு டிரெய்லரின் கதையும் இதே கதைதான். ஆனால் அந்தப் ‘பை’யின் எடை ஒரு டன்னைத் தாண்டலாம்.

எடை எப்படி ஏறுகிறது?

“என் படகு சின்னப் படகுதான்” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் படகின் வெறும் உடல் எடையை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, படகின் உடல் 550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னால் மாட்டியிருக்கும் 150 குதிரைத்திறன் எஞ்சின் ஏறக்குறைய 200 கிலோ. 100 லிட்டர் பெட்ரோல் நிரப்பினால் அது ஒரு 75 கிலோ. நங்கூரம், பேட்டரி, ஐஸ், குடிநீர், மீன்பிடி சாமான்கள் எல்லாம் சேர்த்து இன்னொரு 75 கிலோ. டிரெய்லரின் இரும்புச் சட்டமும் சக்கரங்களும் 300 கிலோ. கூட்டிப் பாருங்கள்: 1,200 கிலோ. ‘சின்னப் படகு’ ஒரு சிறிய காரின் எடைக்கு வந்துவிட்டது.

இதை 2,000 கிலோ எடையுள்ள பிக்-அப் வண்டி இழுக்கிறது என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்து 3,200 கிலோ.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் நாட்டுக் கூட்டரசு சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அதாவது வினாடிக்கு 25 மீட்டர்.

காய்ந்த சாலையில், டிரெய்லர் இல்லாமல் போகும் நம் பிக்-அப் முழு பலத்தோடு பிரேக் போட்டால் அதன் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 7 மீட்டர் வீதம் குறைகிறது என்று எடுத்துக்கொள்வோம். விசை என்பது பொருண்மையை முடுக்கத்தால் பெருக்கி வருவது. 2,000 கிலோவை 7-ஆல் பெருக்கினால் 14,000 நியூட்டன். நான்கு டயர்களும் சாலையைப் பற்றிக்கொண்டு தரக்கூடிய அதிகபட்ச நிறுத்தும் விசை இது. பிரேக் மிதியை இதற்கு மேல் அழுத்தினாலும் பயனில்லை. டயர் வழுக்கத்தான் செய்யும். வழுக்காமல் காப்பதுதான் ஏபிஎஸ் அமைப்பின் வேலை. டயருக்கும் சாலைக்கும் இல்லாத பிடிப்பை அதனால் புதிதாக உண்டாக்க முடியாது.

நிற்கும் தூரத்தைக் கண்டுபிடிக்க, வேகத்தின் வர்க்கத்தை வேகக் குறைவு வீதத்தின் இருமடங்கால் வகுக்கவேண்டும். 25-இன் வர்க்கம் 625. அதை 14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45 மீட்டர்.

இப்போது பிரேக் இல்லாத டிரெய்லரைப் பின்னால் மாட்டுங்கள். நிறுத்தும் விசை அதே 14,000 நியூட்டன்தான். நிறுத்தவேண்டிய பொருண்மையோ 3,200 கிலோ. வகுத்தால் 4.375. நிற்கும் தூரம் ஏறக்குறைய 71 மீட்டர்.

வித்தியாசம் 26, 27 மீட்டர். ஐந்தாறு கார்களை வரிசையாக நிறுத்தும் நீளம். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு மிதியில் கால் வைக்கும் முன் ஒரு வினாடி கழிந்தாலே வண்டி 25 மீட்டர் ஓடியிருக்கும்; அது இந்தக் கணக்கில் சேரவில்லை.

இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம். முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் விழுந்து கிடக்கிறது. டிரெய்லர் இல்லாத வண்டி அதற்குச் சற்று முன்னால், 45-ஆவது மீட்டரில், நின்றுவிடுகிறது. அதே இடத்தில் பிரேக் இல்லாத டிரெய்லரை இழுத்து வரும் வண்டியின் வேகம் என்ன? கணக்கு தரும் விடை: மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். ஒரு வண்டி நின்ற இடத்தை, மற்றொன்று 55 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறது. கீழே கிடப்பவருக்கு இந்த வித்தியாசம் உயிருக்கும் மரணத்துக்கும் உள்ள வித்தியாசம்.

மழை பெய்தால்? ஈரச் சாலையில் டயரின் பிடிப்பு குறைந்து, வேகக் குறைவு 7-லிருந்து 5-க்கு இறங்குகிறது என்று கொண்டால், தனி வண்டிக்கு 62.5 மீட்டர் தேவை. பிரேக் இல்லாத டிரெய்லரோடு சரியாக 100 மீட்டர்.

டிரெய்லருக்கே பிரேக் இருந்தால் என்னவாகும்? அது அவ்வளவு உயர்ந்த பிரேக்காக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. காய்ந்த சாலையில் தன் சொந்த எடைக்கு 5 என்ற வீதத்தில் வேகத்தைக் குறைக்கக்கூடிய சுமாரான பிரேக்காக இருந்தால்கூட 6,000 நியூட்டன் கிடைக்கும். மொத்த விசை 20,000 நியூட்டன் ஆகிறது. நிற்கும் தூரம் 50 மீட்டர். 71 மீட்டர் 50 மீட்டராகக் குறைந்துவிட்டது.

பின்தட்டில் ஏற்றினால் மட்டும் பரவாயில்லையா?

இந்த இடத்தில் கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம்: “பிக்-அப் வண்டியின் பின்தட்டில் 800 கிலோ சுமை ஏற்றுகிறார்களே, அப்போது மட்டும் அது நிற்கவில்லையா?”

அருமையான கேள்வி. இந்த விஷயத்தின் மையமே இதில்தான் இருக்கிறது. பின்தட்டில் ஏற்றிய சுமை அந்த வண்டியின் டயர்களையே கீழே அழுத்துகிறது. அழுத்தம் கூடும்போது உராய்வு விசையும் கூடுகிறது. நிறுத்தவேண்டிய பொருண்மை கூடினாலும், நிறுத்தும் விசையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. அதனால், அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் சுமை ஏற்றிய வண்டியின் நிற்கும் தூரம் அவ்வளவாக மாறுவதில்லை.

டிரெய்லரில் ஏற்றிய சுமை அப்படியல்ல. அது டிரெய்லரின் சொந்த டயர்களை அழுத்துகிறது. அந்த டயர்களிலும் நல்ல பிடிப்பு உண்டு. ஆனால் பிரேக் இல்லையென்றால் அந்தப் பிடிப்பு யாருக்கும் பயன்படாமல் உருண்டுபோகிறது. எடை ஓரிடத்தில் அழுத்துகிறது. அதை நிறுத்தவேண்டிய பாரம் வேறோரிடத்தில் விழுகிறது. டிரெய்லருக்குப் பிரேக் பொருத்துவது என்பது ஏற்கெனவே இருக்கும், ஆனால் வீணாகும் உராய்வை வேலைக்கு எடுத்துக்கொள்வதுதான்.

டிரெய்லரின் முன்முனை பிக்-அப்பின் மீது கொஞ்சம் அழுத்தத்தான் செய்கிறது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 120 கிலோ, அப்படி அழுத்துகிறது என்று வைத்துக் கணக்கிட்டால் 71 மீட்டர் 67 மீட்டராகும். முடிவு மாறவில்லை.

வளைவில் தள்ளும் கை

தூரம் மட்டும்தான் பிரச்சினை என்றால், முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு ஓட்டலாம். ஆனால் இன்னொரு சிக்கலும் உண்டு.

மேலே சொன்ன கணக்கில் டிரெய்லரை நிறுத்துவதற்கு இணைப்பின் வழியாக 5,250 நியூட்டன் விசை தேவைப்படுகிறது. பிக்-அப் அந்த விசையால் டிரெய்லரைத் தடுக்கிறது என்றால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி டிரெய்லரும் அதே விசையால் பிக்-அப்பை முன்னோக்கித் தள்ளுகிறது. அரை டன்னுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமான தள்ளு அது.

நேர்ச் சாலையில் அந்தத் தள்ளு வண்டியின் நீளவாக்கில் போய்விடும். வளைவில் அப்படியில்லை. வண்டியும் டிரெய்லரும் ஒரே கோட்டில் இல்லாததால், தள்ளும் விசையின் ஒரு பகுதி வண்டியின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் நகர்த்தப் பார்க்கும். பிரேக் போடும்போது வண்டியின் எடை முன் சக்கரங்களுக்கு மாறுவதால், பின் டயர்களின் பிடிப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். சாலையும் ஈரமாக இருந்துவிட்டால் வண்டியின் பின்பக்கம் வெளியே சறுக்கி, வண்டியும் டிரெய்லரும் மடிப்புக் கத்தியைப் போல மடங்கிக்கொள்ளும். இப்படி மடங்கத் தொடங்கிய வண்டியை மீட்பது தேர்ந்த ஓட்டுநருக்கும் கடினம்.

டிரெய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டால் இந்தத் தள்ளு பெருமளவு குறையும். அதனால்தான் டிரெய்லர் பிரேக் என்பது தூரத்தைக் குறைக்கும் கருவி மட்டுமல்ல. வண்டியை நேராக வைத்திருக்கும் கருவியும்கூட.

மலை இறங்கும்போது

வேகமாக ஓடும் பொருளை நிறுத்துவது என்றால் அதன் இயக்கச் சக்தியை வெப்பச் சக்தியாக மாற்றுவது என்று பொருள். நம் 3,200 கிலோ கூட்டணி 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்கச் சக்தி 10 லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து ஏறக்குறைய கொதிக்கவைக்கப் போதுமான சக்தி அது. அத்தனையும் சில வினாடிகளில் பிரேக் தட்டுகளில் இறங்குகிறது.

இனி மலைச் சாலைக்கு வருவோம். கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை தித்திவங்சா மலைத்தொடரில் 1,000 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. கிளந்தானிலிருந்து தெமெங்கோர் ஏரிக்குப் படகு கொண்டுவருபவர்கள் அந்த உச்சியைத் தாண்டித்தான் வரவேண்டும். ஒரு கணக்குக்கு 500 மீட்டர் உயரம் மட்டும் இறங்குவதாகக் கொள்வோம். 3,200 கிலோவை 9.8-ஆலும் 500-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 157 லட்சம் ஜூல். 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து கிட்டத்தட்ட 16 தடவை முழுவதுமாக நிறுத்துவதற்குச் சமம்.

இதில் ஒரு பகுதியை எதிர்க்காற்று எடுத்துக்கொள்ளும். ஓட்டுநர் குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும் பகுதியை எடுத்துக்கொள்ளும். அப்படிச் செய்யாமல் மிதியில் கால் வைத்தபடியே இறங்குபவரின் பிரேக் சூடேறிக்கொண்டே போகும். மிதமிஞ்சிச் சூடான பிரேக் பட்டைகள் உராய்வை இழக்கின்றன. பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றினால் மிதி அமுங்கும், வண்டி நிற்காது. டிரெய்லருக்குப் பிரேக் இல்லையென்றால் படகின் பங்கான எட்டில் மூன்று பங்கு வெப்பத்தையும் பிக்-அப்பின் பிரேக்குகளே விழுங்கவேண்டும்.

நிலைமமே அழுத்தும் பிரேக்

டிரெய்லரில் பிரேக் மிதி கிடையாது, ஓட்டுநரும் கிடையாது. அப்படியானால் அதன் பிரேக்கை யார் அழுத்துவது?

படகு டிரெய்லர்களில் பரவலாக உள்ள வகைக்கு விடை அழகானது: டிரெய்லரின் நிலைமமே அழுத்துகிறது. இந்த வகையில் டிரெய்லரின் முன்முனை இரண்டு பாகங்களாக, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும்படி செய்யப்பட்டிருக்கும். முன்னால் போகும் வண்டி வேகம் குறைத்தவுடன் டிரெய்லர் முன்னோக்கித் தள்ளுகிறது; சறுக்கு பாகம் உள்ளே நகர்கிறது; அங்குள்ள பிஸ்டன் பிரேக் எண்ணெயை அழுத்துகிறது; சக்கரங்களில் பிரேக் விழுகிறது. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ அவ்வளவு பலமாகப் பிரேக் பிடிக்கும். மின்கம்பி இல்லை, கணினி இல்லை. பள்ளிப் பை உங்கள் குதிகாலில் இடிக்கும் அதே விசை, இங்கே பிரேக்கை அழுத்தும் வேலையைச் செய்கிறது.

இதற்கும் குறைகள் உண்டு. பின்னோக்கி ஓட்டும்போதும் சறுக்கு பாகம் அழுந்துவதால், மேட்டில் பின்னோக்கி ஏறினால் பிரேக் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கத் தனிப் பூட்டு தேவை. நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் பிரேக்கும் தொடர்ந்து சூடேறும். மின்சாரத்தால் இயங்கும் இன்னொரு வகை உண்டு. டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கினால் ஓட்டுநர் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாக இயக்கி அதை நேராக்கலாம். ஆனால் உப்புநீரில் இறங்கும் மின்கருவியைக் காப்பது எளிதல்ல.

மறுப்பவர்கள் சொல்வதில் உள்ள உண்மை

இந்தக் கருத்தை மறுப்பவர்கள் மூன்று வாதங்களை வைப்பார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

முதல் வாதம்: “நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்.” இது வலுவான வாதம்தான். நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பிரேக் இல்லாத டிரெய்லரோடு 90-க்குப் பதிலாக 71 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நிற்கும் தூரம் மீண்டும் 45 மீட்டருக்கு வந்துவிடும். மெதுவாக ஓட்டுவதைவிட மலிவான பாதுகாப்புக் கருவி உலகில் இல்லை. ஆனால் மெதுவாக ஓட்டுவதால் வளைவில் தள்ளும் கை மறைந்துவிடாது. மலை இறங்கும்போது கரைக்கவேண்டிய சக்தி உயரத்தைப் பொறுத்தது. வேகத்தைக் குறைத்தால் அது குறையாது. தவிர, வீடு திரும்பும் களைப்பில், இருட்டில், மழையில், ஒருவர் கடைசிவரை 71-லேயே ஓட்டுவார் என்று நம்பிப் பிறர் உயிரை வைக்க முடியாது.

இரண்டாவது வாதம்: “உப்புத் தண்ணீரில் இறக்கும் டிரெய்லர். பிரேக் பொருத்தினாலும் துருப்பிடித்துப் போய்விடும்.” உண்மைதான். வேறெந்த வாகனத்தின் பிரேக்கும் இப்படிக் கடலில் முங்கி எழுவதில்லை. உப்புநீர் பிரேக் உருளைக்குள் புகுந்து தங்கினால் சுருள்வில்கள் அரித்துப்போகும், பிஸ்டன்கள் இறுகிவிடும். ஆனால் இதற்கு வழிகள் இருக்கின்றன. நீர் தேங்காத தட்டு வகைப் பிரேக், துத்தநாகப் பூச்சு அல்லது துருவேறா எஃகால் செய்த பாகங்கள், கரைக்கு வந்தவுடன் நல்ல தண்ணீரால் உள்ளே வரை கழுவுதல். படகு எஞ்சினை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் கழுவுபவர்கள் அதே குழாயைப் பிரேக் பக்கம் திருப்ப இன்னும் ஐந்து நிமிடம் ஆகாது. துருப்பிடிக்கும் என்பது பராமரிக்கவேண்டும் என்பதற்குக் காரணமே தவிர, வேண்டாம் என்று விட்டுவிடுவதற்கு அல்ல.

மூன்றாவது வாதம்: “கெட்டுப்போன பிரேக் இருப்பதைவிட இல்லாமலே இருப்பது நல்லது.” இதில் உள்ள உண்மை நாம் கவனிக்கவேண்டியது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிரேக் பிடித்து மறுபக்கம் பிடிக்காவிட்டால், டிரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கும். விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக், சக்கரத்தின் அச்சுப் பகுதியைக் கொதிக்கவைத்து, தாங்கியிலுள்ள மசகை உருக்கிவிடும். அரைகுறையாக வேலை செய்யும் பிரேக் ஏமாற்றுக்காரனும்கூட. இருக்கிறது என்ற நம்பிக்கையை மட்டும் தந்து, தேவைப்படும் நொடியில் கைவிடும். அதனால்தான் கேள்வி ‘பிரேக் இருக்கிறதா’ என்பதோடு நிற்காமல், ‘வேலை செய்கிறதா’ என்று போகவேண்டும்.

கோட்டை எங்கே போடுவது?

எல்லா டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேர் உட்காரும் அலுமினியப் படகு, சின்ன எஞ்சின், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 300 கிலோ என்றால், அதே பிக்-அப்பின் நிற்கும் தூரம் 45-லிருந்து 51 மீட்டர் ஆகும். அதைக் கவனமான ஓட்டுநர் சமாளிக்கலாம்.

பல நாடுகள் எடையை வைத்துக் கோடு போட்டிருக்கின்றன. பிரிட்டனில் டிரெய்லரும் சுமையும் சேர்ந்து 750 கிலோவைத் தாண்டினால் தனிப் பிரேக் கட்டாயம். அதற்குக் குறைந்த எடையுள்ள டிரெய்லரில் பிரேக் இருப்பது கட்டாயமில்லை. ஆனால் இருந்தால் அது நன்றாக வேலை செய்யவேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேல் பிரேக் தேவை. 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். டிரெய்லர் கழன்றுகொண்டால் தானாகவே பிரேக் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் அளவு மாறுகிறது. 3,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1,360 கிலோ வரை பிரேக் இல்லாமல் அனுமதிக்கும் மாநிலங்கள் பல.

ஒரே இயற்பியல், நாட்டுக்கு நாடு வெவ்வேறு எண்கள். அதனாலேயே ‘சட்டம் அனுமதிக்கிறதா’ என்பதை மட்டும் பாதுகாப்பின் அளவுகோலாகக் கொள்ள முடியாது. டிரெய்லரின் எடையை மட்டும் பார்ப்பதும் போதாது. 750 கிலோ டிரெய்லரை 2,000 கிலோ பிக்-அப் இழுத்தால் நிற்கும் தூரம் 61 மீட்டர். அதே டிரெய்லரை 1,000 கிலோ சிறிய கார் இழுத்தால் 78 மீட்டர். பிக்-அப்பும் 1,200 கிலோ படகும் சேர்ந்த முந்தைய கணக்கைவிட இது மோசம். முக்கியமானது இரண்டு எடைகளுக்கும் உள்ள விகிதம்.

எனவே நான் போடும் கோடு இது: சுமையோடு சேர்த்து டிரெய்லரின் எடை, இழுக்கும் வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், வேலை செய்யும் பிரேக் இல்லாமல் அதைச் சாலைக்குக் கொண்டுவரக்கூடாது. ஏன் மூன்றில் ஒரு பங்கு? அந்த அளவில் நிற்கும் தூரமும் சரியாக மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. முன்னால் போகும் வண்டிக்குச் சற்று அதிக இடைவெளி விட்டுச் சமாளிக்கக்கூடிய எல்லை அதுதான் என்று கருதுகிறேன். சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் சட்டமே செல்லும். தளர்வாக இருந்தால், இந்தக் கணக்கு செல்லட்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்களுக்கு இன்னும் ஓட்டுநர் உரிமம் இல்லை. ஆனால் கால்குலேட்டரும் வாயும் இருக்கின்றன.

அடுத்த முறை வீட்டில் படகு கிளம்பும்போது, படகு, எஞ்சின், எண்ணெய், சாமான், டிரெய்லர் எல்லாவற்றின் எடையையும் ஒரு தாளில் கூட்டுங்கள். பிக்-அப்பின் எடையால் வகுங்கள். அந்த விடையை மாமாவிடம் மரியாதையாகக் காட்டுங்கள். டிரெய்லரின் பிரேக்கைக் கடைசியாக எப்போது பட்டறையில் பார்த்தார்கள், கடைசிப் பயணத்துக்குப் பிறகு நல்ல தண்ணீரால் கழுவினார்களா என்று கேளுங்கள். வழியில் ஓய்வெடுக்க நிறுத்தும்போது, ஒரு சக்கரத்தின் அருகே மட்டும் அனல் அடிக்கிறதா என்று கவனியுங்கள். தொடவேண்டாம், அருகில் கை நீட்டினாலே தெரியும். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி என்றால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். இரண்டையும் இணைக்கும் பாதுகாப்புச் சங்கிலி மாட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

“பத்து வருஷமா இப்படித்தான் இழுக்கிறேன், ஒன்றும் ஆகலையே” என்று பதில் வரலாம். பத்து வருடமாக அவசரமாக நிற்கவேண்டிய தேவை வரவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. பிரேக்கின் தேவை ஒவ்வொரு பயணத்திலும் தெரிவதில்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு நொடியில் தெரியும். அந்த நொடியில் முன்னால் இருப்பவர் படகு வாங்கியவரும் அல்ல, டிரெய்லரைத் தேர்ந்தெடுத்தவரும் அல்ல. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் யாரோ ஒருவர். மீன் பிடிக்கப் போகும் நம் மகிழ்ச்சிக்கு அவர் 26 மீட்டர் விலை கொடுக்கக்கூடாது.